ஒன்பது துப்பாக்கிக்குப் பொட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
18.9.1978

அன்புள்ள அத்தானுக்கு,

புஷ்பவல்லி எழுதுவது. எல்லாரும் சுகம் என்று முதலில் எழுத வேண்டுமாம். எழுதியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

“இன்னும் ஆறு மாதம்” என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. இதே வார்த்தையை மூன்றாவது தடவை படிக்கிறேன். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனீர்கள். அது போன மே மாதமே முடிந்துபோனது. வெள்ளைக்காரப் பட்டாளம் நாட்டைவிட்டுப் போனபோது உங்கள் ஒர்க்‌ஷாப்பையும் துப்பாக்கிகளுக்கு நீங்கள் இழைத்த மரக்கட்டைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். விட்டது தொல்லை என்றுதான் இருந்தேன். அஞ்சு வருடம் கழித்து உங்கள் சார்ஜண்ட் ஹாலம் இங்கிலாந்தில் தன் ஊரில் பழைய துப்பாக்கிக் கடை திறப்பார், அதற்கு என் புருஷனைக் கடிதம் போட்டு அழைப்பார் என்று யார் கண்டது?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானுக்குப் பஸ் ஏறி அத்தையைப் பார்க்கப் போனேன். உங்கள் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒன் வயசுல எனக்கு நாலு புள்ளைங்கடி.”

“நான் என்னா அத்த, தபால்லயா பெத்துக்க முடியும்?”

சிரித்துவிட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வரும் சித்திரையில் முப்பத்து நாலு, அத்தான்.

அங்கிருந்து அம்மன் கோயிலுக்குப் போய், ஆயுத பூஜைக்கு உங்களுக்கென்று குங்குமமும் சந்தனமும் வாங்கினேன். அந்த ஊரில் நம் ஆட்களே இல்லை, இதெல்லாம் கிடைக்காது என்று எழுதியிருந்தீர்களே. பொட்டலத்தை அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தரச் சொன்னேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும். சரி, சொல்லிவிடுகிறேன். என் புருஷன் திரும்பி வர வேண்டும். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

உங்கள் உளி, இழைப்புளி எல்லாவற்றுக்கும் மறக்காமல் பொட்டு வையுங்கள். சுங்கை வே ஃபேக்டரியில் எங்கள் ஜப்பான்கார சூப்பர்வைசரே சால்டரிங் மெஷினுக்குப் பொட்டு வைக்க விடுகிறார். உங்கள் சார்ஜண்ட் விடமாட்டாரா?

உங்கள்
புஷ்பவல்லி


ஷ்ரூஸ்பரி, இங்கிலாந்து
14.10.1978

அன்புள்ள புஷ்பாவுக்கு,

உன் கடிதமும் பொட்டலமும் பூஜைக்கு இரண்டு நாள் முன்பே வந்து சேர்ந்தன. பொட்டலத்தைப் பிரித்ததும் கடை முழுக்கக் கிள்ளான் கோயில் வாசனை. ஆறு மாத விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் செய்துவிட்ட கூத்தைச் சொல்ல வேண்டும்.

சார்ஜண்ட் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்து, உளி, அரம், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் துடைத்து வைத்துப் பொட்டு வைத்தேன். இஸ்திரிப் பெட்டி எதற்கு என்பாய். துப்பாக்கிக் கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால், ஈரத்துணியைப் போட்டு அதன் மேல் சூடு காட்டினால் மரம் ஆவியைக் குடித்து மேலே எழும்பி வரும். பாதி வேலை அதில்தான்.

மேசை மேல் ஒரு ரைபிள் இருந்தது. 1917-ல் செய்த லீ-என்ஃபீல்ட். மூன்று வாரமாக அதில்தான் உட்கார்ந்திருந்தேன். அறுபது வருட எண்ணெய் அழுக்கைச் சுண்ணப்பொடி பூசிப் பூசி வெளியே இழுத்து, பள்ளங்களை எழுப்பி, வால்நட் மரத்தைப் பிறந்த மேனியாக்கி வைத்திருந்தேன். மறுநாள் ஆளிவிதை எண்ணெய் காட்ட வேண்டியது. அது சேகரிப்புக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்த சரக்கு. நான் என்ன நினைப்பில் இருந்தேனோ, குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அதன் கட்டையிலும் வைத்துவிட்டேன். நம் வீட்டில் தையல் மெஷினுக்கு வைப்பாயே, அந்தக் கைப்பழக்கம்.

காலையில் துடைத்தால் போகவில்லை. குங்குமத்தில் மஞ்சள் இருக்கிறதல்லவா, எண்ணெய் படாத பச்சை மரம் அதைக் குடித்துவிட்டது. பக்கத்திலேயே தொழிற்சாலை முத்திரை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரையும் போகும், மரத்தின் வயதும் போகும். இந்தத் தொழிலில் உப்புத்தாள் பெரும் பாவம். பழையது பழையதாகவே இருக்க வேண்டும், அழுக்கு மட்டும்தான் போகலாம்.

சார்ஜண்ட் பார்த்துவிட்டு மேசையில் ஓங்கிக் குத்தினார். வாங்குகிறவர் வேண்டாம் என்றால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாகக் கத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உன்னிடம் மறைப்பானேன், புஷ்பா. ஊர் என்று அவர் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

உன்
ராதாகிருஷ்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
3.11.1978

அன்புள்ள அத்தானுக்கு,

படித்துவிட்டு ஃபேக்டரி பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கார மீனலோசனி ஆன்டிக்கும் படித்துக் காட்டினேன், நமக்குள் இருக்க வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர் அல்லவா, கேட்டுவிட்டு, “பொட்டு வச்சது அவர் இல்ல, அம்பாள்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் கேட்டதை அம்மன் கொடுக்கிற வழி இது. வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லட்டும். சார்ஜண்ட் உங்களைத் துரத்தட்டும். தினமும் அதற்குத்தான் விளக்கு ஏற்றுகிறேன். பெண்டாட்டி இப்படியும் வேண்டுவாளா என்று நினைக்காதீர்கள்.

தீபாவளிக்கு உங்களுக்கும் இலை போட்டேன். கறியும் வைத்தேன். பிறகு அதையும் நானேதான் சாப்பிட வேண்டியிருந்தது. இங்கே ஒரு தோட்டா கையில் இருந்தாலே தூக்கு. அங்கே முழுத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கிறார்கள், அதைத் துடைக்க என் புருஷன் வேண்டியிருக்கிறது. என்ன உலகமோ!

அந்த வாங்குகிறவர் என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள்.

புஷ்பவல்லி


ஷ்ரூஸ்பரி
28.11.1978

அன்புள்ள புஷ்பாவுக்கு,

நீ ஏற்றிய விளக்கு பலிக்கவில்லை. அவர் வாங்கிக்கொண்டார்.

அவர் பெயர் பிரைஸ். எழுபது வயது இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் ஆடு வளர்க்கிறவர். கட்டையைப் பார்த்துவிட்டு, இந்தச் சிவப்பு என்ன என்றார். சார்ஜண்ட் கண் இமைக்காமல் சொன்னார்: “இது பர்மாப் போரில் இந்தியச் சிப்பாய் ஒருவன் வைத்திருந்த ரைபிள். அவர்கள் ஆயுதத்துக்குப் பூஜை செய்து இப்படி அடையாளம் வைப்பார்கள்.” கிழவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய அண்ணன் பர்மாவில் நம் சிப்பாய்களோடு இருந்து, அங்கேயே செத்துப்போனவராம். ரைபிளை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பேசிய விலைக்கு மேலேயே கொடுத்தார்.

சார்ஜண்ட் அன்றிலிருந்து என்னிடம் தேனாகப் பேசுகிறார். உனக்கு விசாவுக்குத் தானே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஏப்ரலுக்குள் காகிதம் தயாராகிவிடுமாம். புஷ்பா, நீ இங்கே வரலாம். ஆறு மாதம், ஆறு மாதம் என்று இனி நான் எழுத வேண்டாம். கடைக்கு மேலே இரண்டு அறை இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும். உனக்குக் குளிரும், ஆனால் நான் இருக்கிறேன்.

இன்னொன்று. குங்குமம் தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாக அனுப்பு, அரைக் கிலோ போல. அதே கிள்ளான் கோயில் குங்குமமாக இருக்கட்டும். அந்த நிறம்தான் வேண்டும். சாமிக்குத்தான்.

உன்
ராதாகிருஷ்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
16.1.1979

என் அத்தானுக்கு,

பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது! படத்தில் திருடி மாதிரி இருக்கிறேன். நேற்று முன்தினம் பொங்கலுக்குக் கிள்ளானில் அத்தையிடம் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “போய்ட்டு ரெண்டு பேரா வராதீங்க, மூணு பேரா வாங்க” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இந்த வயதில்.

மார்ச் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று ஃபேக்டரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆன்டியிடமும் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். அவர், லண்டனில் இருந்து திரும்பி வந்த தன் தங்கச்சியுடைய கம்பளிச் சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் அஞ்சே நிமிஷம்தான் தாங்கியது. ரொட்டிக்கடைக்காரர் முதல் ஸ்டேஷன் வாசல் பூக்காரம்மா வரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஷ்ரூஸ்பரி என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, ஆகவே நான் லண்டன்காரி.

குங்குமம் அனுப்பிவிட்டேன். அரைக் கிலோ கேட்டதும் ஐயர், “என்னம்மா, கடை போடப் போறியா?” என்றார். ஒரு நெற்றிக்கு அரைக் கிலோவா, அத்தான்? முன்வழுக்கை அவ்வளவு தூரம் போய்விட்டதா? என்னவோ, கல்யாணமான புதிதில் கோயில் வாசலிலேயே நிற்கிற ஆள், அங்கே போய்ச் சாமி கும்பிடக் கற்றுக்கொண்டீர்களே, அதுவே போதும். ஐந்து பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தரச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அதே வேண்டுதல்தான். உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஒரு பிள்ளை வேண்டும். அம்மனுக்கே அலுத்துப்போயிருக்கும்.

ஏப்ரலுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிற
புஷ்பவல்லி


ஷ்ரூஸ்பரி
20.2.1979

புஷ்பா,

இந்தக் கடிதத்தை ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

குங்குமம் சாமிக்கு இல்லை. சார்ஜண்ட் கேட்டார். பிரைஸ் வாங்கிப் போனதிலிருந்து இன்னும் எட்டு ரைபிளுக்கு வைத்துவிட்டேன். எல்லாமே இந்த நாட்டைவிட்டு எங்கும் போகாதவை, கிடங்கில் கிடந்தவை. அழுக்கை எடுத்து, பச்சை மரத்தில் பொட்டு வைத்து, ஊறவிட்டு, மேலே எண்ணெய் காட்டினால் முப்பது வருடத்துக் கறை மாதிரி ஆகிவிடுகிறது. சார்ஜண்ட் ஒரு அட்டையில் “பர்மா, 1944” என்று எழுதிக் கட்டித் தொங்கவிடுவார். உடனே விற்றுவிடும். கை தவறி வைத்தது முதல் பொட்டு. மற்ற எட்டும் தெரிந்தே வைத்தவை. சாமிக்குத்தான் என்று உனக்குப் பொய் எழுதியதும் தெரிந்தேதான். உன்னை அழைத்துக்கொள்ளலாம் என்ற ஒரே நினைப்பில் செய்தேன். அப்படிச் சொன்னால் பழியை உன் மேல் போடுவதாக ஆகிவிடும், தெரியும்.

போன வாரம் பிரைஸ் வந்தார். அண்ணன் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். அண்ணன் பக்கத்தில் தலைப்பாகை கட்டிய நான்கு சிப்பாய்கள். “நீ அந்த நாட்டுக்காரன், உனக்குத் தெரியும். இதை வைக்கும்போது அந்தப் பையன்கள் என்ன பிரார்த்தனை செய்வார்கள்?” என்று கேட்டார். நான் மலேசியாக்காரன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பூஜைக்கு முன்னால் நீ எழுதிய கடிதம்தான் நினைவுக்கு வந்தது. “வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்பார்கள்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் அண்ணனும் அதைத்தான் கேட்டிருப்பான் என்றார்.

அவர் போன பிறகு என்னால் வேலை செய்ய முடியவில்லை.

இப்போது நீ சொல். உண்மையைச் சொன்னால் சார்ஜண்ட் என்னை ஒரு நாள் வைத்திருக்கமாட்டார். நான் இங்கே வேலை செய்கிற பெர்மிட் அவர் கடையோடு கட்டியது. உன் காகிதங்களும் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. பேசாமல் இருந்தால் ஏப்ரலில் நீ இங்கே இருப்பாய். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

ராதாகிருஷ்ணன்


பிரிக்ஃபீல்ட்ஸ்
8.3.1979

அத்தானுக்கு,

நீங்கள் நல்லவரா, கோழையா? நான் சொல்கிறபடி செய்கிறீர்களாம். எட்டுத் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தபோது என்னைக் கேட்டீர்களா?

உங்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். முதலில் எழுதிய பதிலில், பேசாமல் இருங்கள், நான் வந்துவிடுகிறேன் என்றுதான் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். போஸ்ட் ஆபீஸ் வழியாகத்தான் போகிறேன், நான்கு தடவையும் தாண்டிப் போய்விட்டேன். நான் ஒன்றும் உத்தமி இல்லை, அத்தான். பெட்டி கட்டியாகிவிட்டது. எனக்கு நீங்கள் வேண்டும். கறை யார் வைத்தால் என்ன, கிழவர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார் என்று எனக்கு நானே எத்தனையோ சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் அது என் குங்குமம். ஐந்து பொட்டலத்துக்கும் தனித்தனியாகக் கண்ணை மூடி நின்றேன். அங்கே அது சாயம் ஆகிவிட்டது. ஐயர் விளையாட்டாகக் கேட்டார், கடை போடப் போகிறாயா என்று. நிஜமாகவே நான் கடைக்குத்தான் சரக்கு அனுப்பியிருக்கிறேன். நாளைக்கு நான் அங்கே வந்தால் அந்தப் பொட்டை யார் வைப்பார்கள்? பெண் கை இன்னும் நன்றாக இருக்கும் என்பார் உங்கள் சார்ஜண்ட். நானும் வைப்பேன், உங்களோடு இருக்க வேண்டும் என்பதற்காக. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மற்ற எட்டுப் பேரை எனக்குத் தெரியாது. இவர் உங்கள் கையைப் பிடித்தவர். இவரிடம் சொல்லிவிடுங்கள். இதை எழுதும்போது அழுகிறேன். எழுத்து கலைந்திருந்தால் மழை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

புஷ்பவல்லி


ஷ்ரூஸ்பரி
31.3.1979

அன்புள்ள புஷ்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

பஸ் பிடித்து அவர் கிராமத்துக்குப் போனேன். ரைபிள் அடுப்புக்கு மேலே மாட்டியிருந்தது, கீழே அண்ணன் படம். உட்காரச் சொன்னார், டீ போட்டார். டீயைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னேன். அது பர்மாவுக்குப் போகவில்லை, பொட்டு வைத்தது நான், போன அக்டோபரில். அவர் அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பிறகு கேட்டார், “அப்படியானால் அந்தப் பிரார்த்தனையும் பொய்யா?”

“இல்லை, அது உண்மை. என் மனைவி கேட்டது” என்றேன்.

“யாருக்காக?”

“எனக்காக. நான் வீட்டுக்கு வர வேண்டும் என்று.”

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “அப்படியானால் போ” என்றார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ரைபிளைத் திருப்பித் தரவும் இல்லை, இறக்கவும் இல்லை.

சார்ஜண்டிடமும் நானே போய்ச் சொன்னேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். மற்ற எட்டுப் பேரின் விலாசம் இருக்கிற புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டார். உன் காகிதங்களை என் கண் முன்னால் கிழித்தார். அதைப் பார்த்தபோது மட்டும்தான் தவறு செய்துவிட்டேனோ என்று இருந்தது.

ஆகவே வருகிறேன். கையில் ஒன்றும் இல்லாமல்தான் வருகிறேன். அங்கே துப்பாக்கி வேலை இனி கனவிலும் கிடையாது. சாலாக் செலாத்தானில் பழைய நாற்காலிக் கடைக்காரர் சேர்த்துக்கொண்டால் கட்டில், மேசை இழைக்கலாம். நீ லண்டன் போகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாய். வேலையை விட்டுவிட்டாய். உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். மூன்று வருடத்தையும் வீணாக்கிவிட்டேன். முகத்தைப் பார்ப்பாயா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. வரட்டுமா?

உன்
ராதாகிருஷ்ணன்


கிள்ளான்
12.4.1979

அத்தானுக்கு,

மூன்று வருடமாக வாருங்கள், வாருங்கள் என்று எழுதியவளிடம் வரட்டுமா என்று கேட்கிறீர்கள். அந்த ஊர்க் குளிரில் மூளை உறைந்துவிட்டது போலிருக்கிறது.

அறையைக் காலி செய்துவிட்டு அத்தையோடு இருக்கிறேன். உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், இந்தத் தடவை எதையும் விடாமல். “வரானா இல்லையா, அத மட்டும் சொல்லு” என்றார். பழைய ஃபேக்டரியில் என் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்கள். ஷா ஆலத்தில் ஒரு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். மிச்சச் சாமான் எடுக்க பிரிக்ஃபீல்ட்ஸ் போனபோது ரொட்டிக்கடைக்காரர், “என்னா லா லண்டன்காரி, இன்னும் பிளேன் ஏறலியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். “அவரே எறங்குறாரு, நான் எதுக்கு ஏறணும்?” என்றேன். சொல்லிவிட்டு நடந்து வரும்போது கொஞ்சம் வலித்தது. அதையும் சொல்ல வேண்டும்தானே.

குங்கும விஷயத்தில் நான் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வந்து இறங்காதீர்கள். பெரிய சண்டை இருக்கிறது. அதைக் கடிதத்தில் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டிவிட்டு மறு வார்த்தைக்கு மூன்று வாரம் காத்திருந்தால் அது என்ன சண்டை? எதிரில் ஆள் வேண்டும். திட்டும்போது பார்க்க முகம் வேண்டும். பிறகு சோறு போட, கோபத்தோடாவது, ஒரு ஆள் வேண்டும். பிள்ளை விஷயமும் அப்படித்தான். முப்பத்து நாலு ஒன்றும் முடிந்துபோன வயது இல்லை என்று ஆன்டி சொல்கிறார்.

இரண்டு பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தேதி, எந்த பிளேன் என்று ஒரு வரி இல்லை. முன்னும் பின்னும் திருப்பித் தேடிவிட்டேன். சுபாங் ஏர்போர்ட்டுக்கு எந்த நாள் வந்து நிற்பது?

தந்தி கொடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம், தேதி மட்டும்.

புஷ்பவல்லி